மேற்கோளும் ஏதுவும்: ஆராய்ச்சிக் கட்டுரையின் யாப்புப் பற்றிச் சில கருத்துக்கள்

‘மேற்கோள்’ என்னும் சொல்லை இன்று நாம் பிறர் நூலினின்றும் எடுத்துக்காட்டும் பகுதிக்குப் பெயராக வழங்குகின்றோம். அளவைநூல் வழக்கில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒருவன் தான் நிறுவ வேண்டி மேற்கொண்ட கொள்கையே ஆண்டு மேற்கோள் எனப்படும். மெய்கண்டாரின் சிவஞான போதத்துப் பன்னிரு சூத்திரங்களையும் விளக்கும் வார்த்திகம், மேற்கோள், ஏது, உதாரணம் என்னும் வரிசையில் நடப்பதனைக் கற்றார் அறிவர். முதலில் இன்னது என் கொள்கை என்று நாட்டுதல். அடுத்து அதற்குக் காரணம் கூறுதல். பின்னர் எடுத்துக்காட்டால் விளக்குதல். இம்முறையே அந்நூலின் உடல்.

சொல்லின் பொருள் மாறுவது மொழிக்கு இயல்பு. அதனைக் குறை கூற யாம் வரவில்லை. ஆயின், நிறுவ வேண்டிய கொள்கைக்குப் பெயராய் இருந்த சொல் எடுத்தாளும் பகுதிக்குப் பெயரானது போலவே, நம் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் கொள்கை இருந்த இடத்தில் எடுத்தாண்ட பகுதிகள் வந்து அமர்ந்துவிட்டன. முதுகலை மாணவரும் ஆய்வு மாணவரும் எழுதும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருங்கால் யாம் கண்ட பெருங்குறை இதுவே. செய்யுளடிகள் நிரம்ப உள. உரையாசிரியர் கூற்றுக்கள் உள. அறிஞர் கருத்துக்களும் உள. இவையெல்லாம் எதனை நிறுவ வந்தன என்று வினவின், விடை இல்லை.

இக்குறைக்கு மருந்து மேனாட்டுக் கட்டுரைப் பயிற்சி நூல்களில்தான் உண்டு என்று கருதுவார் உளர். கட்டுரை என்னும் உரைநடை வகை இன்றைய வடிவில் நம்மிடை வளர்ந்தது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள்தான் என்பது உண்மை. ஆயின் ஒரு கொள்கையை நாட்டி நிறுத்தும் நெறியும் அக்காலத்தேதான் வந்தது என்பது பொருந்தாது. அந்நெறியைத் தமிழ் நூல்கள் இரு வேறு இடங்களில் பயிற்றுகின்றன என்பதும், அவ்விரண்டையும் இணைத்துக் கொண்டாலன்றி நம் கட்டுரை யாப்புச் சீர்ப்படாது என்பதும் ஈண்டு யாம் நிறுவக் கருதியன.

முதலாவது இடம் நன்னூற் பாயிரம். சிறப்புப் பாயிரத்திற்கு உரிய உறுப்புக்களுள் ‘நுதலிய பொருள்’ ஒன்று. நூல் எதனைப் பற்றியது என்பதே அது. இதனை மட்டும் கூறிவிட்டு, தம் கொள்கையைக் கூறிவிட்டதாக மாணவர் எண்ணிவிடுகின்றனர். ‘குறுந்தொகையில் இயற்கை’ என்பது நுதலிய பொருள், கொள்கையன்று. அதே பாயிரம் எழுவகை மதங்களை வேறாக எண்ணுகின்றது. பிறர் கூற்றை உடன்படுவதும், மறுப்பதும், முன்னர் ஏற்றுப் பின்னர்க் களைவதும், தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிறுத்துவதும், இருவர் மாறுபட்ட இடத்து ஒருதலை துணிவதும் அவற்றுள் அடங்கும். பொருள் வேறு, பொருள்மேல் ஆசிரியன் கொள்ளும் மதம் வேறு என்னும் தெளிவு இதனாற் பெறப்படும். தலைப்பை எழுதி முடித்த மாணவன், ‘இப்பொருள்மேல் என் மதம் யாது? யாரை உடன்படுகின்றேன்? யாரை மறுக்கின்றேன்?’ என்று தன்னைத்தானே வினவுவானாயின், கட்டுரையின் பாதி அமைந்துவிடும்.

இரண்டாவது இடம் மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கூறும் பகுதி அது. வஞ்சியில் பல சமயக் கணக்கர்தம் திறங்களைக் கேட்டு வந்தவள் அவள். பலர் கூற்றையும் கேட்டறிந்த ஒருத்திக்கு, அவற்றை எடைபோடும் கருவி அதன் பின்னரே வழங்கப்படுகின்றது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது, நம் ஆய்வு மாணவரின் நிலையும் அதுவன்றோ?

அக்காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புக்களைக் கூறி, பின்னிரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்கின்றது. பக்கம் என்பது நாட்டப்படும் கொள்கை. அது போலியாதல் ஒன்பது வகை என்று காதை விரிக்கும். அவ்வொன்பதும் இன்றைய கட்டுரைக்கு ஒருங்கே பயன்படா எனினும், இரண்டு பெரிதும் பயன்படும்.

ஒன்று, சுவசன விருத்தம். தன் சொல்லே தன்னை மறுத்தல். ‘என் தாய் மலடி’ என்பது காதை தரும் காட்டு. கட்டுரையின் முதற்பகுதியில் ‘சங்கப் புலவர் இயற்கையை இயற்கைக்காகவே பாடினர்’ என்று எழுதி, மூன்றாம் பகுதியில் ‘இயற்கை மாந்தர் உணர்வுக்குப் பின்னணியாகவே வந்தது’ என்று முடிப்பவர் இக்குற்றத்திற்கு ஆளாவர். மற்றொன்று, அப்பிரசித்த சம்பந்தம். எதிரி முன்னரே ஏற்றுக்கொண்டதனை அவனுக்கே நிறுவப் புகுதல். எல்லாம் அநித்தம் என்னும் கொள்கையுடைய பௌத்தனிடம் சென்று ‘சத்தம் அநித்தம்’ என்று வாதிப்பது வீண் என்று காதை காட்டுகின்றது. ‘குறுந்தொகையில் இயற்கை சிறப்பாகப் பாடப்பெற்றுள்ளது’ என்னும் முடிபும் இத்தகையதே. இதனை மறுப்பார் யார்? மறுப்பார் இல்லாத கொள்கைக்கு முப்பது பக்கம் எழுதுதல் எற்றுக்கு? வலிய கொள்கை எது என்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் பயிற்சி நூல்களிற் காண்டல் அரிது.

இனி ஏதுவுக்கு வருவாம். ஏது பக்கத்தின்கண் இருத்தல் வேண்டும். சபக்கத்தில் உண்டாதல் வேண்டும். விபக்கத்தில் இலதாதல் வேண்டும். இம்மூன்றனுள் முதலாவதை மறந்ததனால் நேர்ந்த வழுவுக்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே காட்டு உண்டு. சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரையிலும் வரந்தரு காதையிலும் இலங்கைக் கயவாகு குறிக்கப்படுகின்றான். அவனை மகாவம்சம் கூறும் முதற் கயவாகுவோடு ஒன்றெனக் கொண்டு, செங்குட்டுவன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு எனத் துணிந்தனர். கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட நூலால் இத்துணிபு பரவியது. கயவாகு என்னும் பெயரினன் கி.பி. 12ஆம் நூற்றாண்டிலும் ஒருவன் ஆண்டான் என்பது முதலாய தடைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. அவ்வொருமை உண்மையென்றே கொள்வாம். அதனால் நிறுவப்படுவது செங்குட்டுவன் காலம். மாணவர் கட்டுரைகளோ, ‘ஆகவே சிலப்பதிகாரம் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இயற்றப்பெற்றது’ என்று முடிகின்றன. ஏது இருப்பது காப்பியத்தில் வரும் அரசன்மாட்டு, பக்கமோ காப்பியம். இரண்டற்கும் இடையே, காப்பியம் அரசன் காலத்திலேயே எழுந்தது என்னும் மற்றொரு கொள்கை சொல்லாமல் நிற்கின்றது. அதுவே தனியே நிறுவப்பட வேண்டுவது. வையாபுரிப் பிள்ளை முதலியோர் காப்பியத்தைப் பிற்காலத்தது என வாதித்தது இவ்விடைவெளியில் நின்றே. அவர் முடிபை ஏற்பினும் மறுப்பினும், இடைவெளியைக் காணாது கடப்பது ஆராய்ச்சியாகாது.

மூன்றாவது விதியாகிய விபக்கத்தில் இன்மையே மாணவர்க்கு மிகக் கடினமானது. மிகுந்த பயன் தருவதும் அதுவே. முன்னர்க் கூறிய குறுந்தொகைத் தலைப்பையே எடுத்துக்கொள்வாம். ஒரு மாணவன் அதனைச் சுருக்கி, ‘மருதப் பாடல்களில் உள்ளுறை, தலைவனை வெளிப்படப் பழிக்கவொண்ணாதார் பழிப்பதற்குரிய வாயில்’ என்று கொள்கை நாட்டுகின்றான் என்க. மறுக்கத்தக்கதாகலின் இது நல்ல பக்கமே. தோழி கூற்றுக்கள் சில இதற்குச் சான்றாகும். சான்று தேடுவோன் அவற்றோடு நின்றுவிடுவான். ஆராய்வோனோ, வெளிப்படப் பழிக்கும் பாடலில் உள்ளுறை உண்டோ என்று தேடுவான். குறுந்தொகை 8ஆம் பாடல் அவனை மறிக்கும். ஆலங்குடி வங்கனார் பாடிய அப்பாட்டில், காதற்பரத்தை தலைவனைக் கண்ணாடியுள் தோன்றும் பாவைக்கு ஒப்பிட்டு வெளிப்படவே எள்ளுகின்றாள். ஆயினும் வயலருகு நின்ற மாவின் கனி தானே உதிர, வாளை அதனைக் கவ்வும் காட்சியும் அப்பாட்டில் முதற்கண் நிற்கின்றது. பழிப்பு வெளிப்பட்ட இடத்தும் உள்ளுறை உளதாகலின், நாட்டிய கொள்கை தளர்கின்றது.

இந்நிலையில் பாடலை மறைத்துவிடுவாரும் உளர். அடிக்குறிப்பில் தள்ளிவிடுவாரும் உளர். ஆய்வு மாணவராய் இருந்த காலத்தில் இத்தகைய ஒரு பாடலைக் கண்டும் காணாததுபோல் யாமே கடந்ததுண்டு; எம் கட்டுரையின் மிக நொய்ந்த பகுதி அதுவே என்பதைப் பின்னரே உணர்ந்தோம். தடையை நேர்நோக்கின், கொள்கை அழிவதில்லை, திருந்துகின்றது. கனி தானே உதிர்ந்தது என்பதனால் பரத்தை கூறுவது, தலைவன் தானே வந்தான், எம் முயற்சி அதில் இல்லை என்பதாம். பழிப்பை வெளிப்படக் கூற வல்ல அவள், தன்னிலையைப் பற்றிய அம்மறுமொழியையே உள்ளுறையில் வைத்தாள். எனவே, ‘கூறுவார் தத்தம் நிலையில் நின்று நேரே சொல்லவியலாததனை உள்ளுறை தாங்குகின்றது’ என்று கொள்கை விரிவடையும். தோழிக்கு அது பழிப்பு. பரத்தைக்கு அது தற்காப்பு. இனித் தலைவி கூற்றுக்களையும் வைத்து இதனைச் சோதித்தல் வேண்டும். முதற்கொள்கையினும் இது ஆழமானது. இதனை அளித்தது சான்றன்று, தடையே.

இனி, இவ்வளவை நெறி வடமொழிப் பௌத்தத் தருக்கத்தின் வழிவந்தது, தமிழ்க்கு உரியதன்று என்பார்க்கு யாம் கூறுவது: அதன் வழி பற்றி ஐயமில்லை, நியாயப்பிரவேசம் என்னும் நூலோடு இக்காதைக்குள்ள ஒப்புமையை அறிஞர் முன்னரே காட்டியுள்ளனர். ஆயினும் தமிழ்க் காப்பியத்துள் தமிழ்ச் செய்யுளாய் நின்ற ஒன்றைத் தமிழ் மாணவர் பயன்கொள்ளாமைக்கு அது காரணமாகாது. கவிதை மலைமேற் புகையன்று, தருக்கத்துள் அடங்காது என்பார் கூற்று இதனினும் வலியது. கவிதையின் சுவையை ஏதுவால் நிறுவ இயலாது என்பதை உடன்படுகின்றோம். ஆயின் கவிதை பற்றி நாம் கூறும் கூற்று கவிதையன்று. அது பிறர் ஏற்கவோ மறுக்கவோ உரியது. எனவே காரணம் கூறக் கடமைப்பட்டது.

அளவை நெறி கொள்கையைச் சோதிக்குமேயன்றிக் கட்டுரையின் வைப்புமுறையைக் கற்பிக்காது. அதற்கு மீண்டும் நன்னூலுக்கே செல்லல் வேண்டும். பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் என்னும் மூன்றும் யாப்பு வழுக்களே. கொள்கையோடு தொடர்பற்ற புலவர் வரலாற்றை ஐந்து பக்கம் எழுதுதல் முதலாவது. சான்றுகளை ஏதுவின்றி அடுக்குதல் இரண்டாவது. விரிவாகத் தொடங்கி, ‘இன்னும் பல உள, விரிப்பிற் பெருகும்’ என்று முடித்தல் மூன்றாவது. மூன்றும் தோன்றுவது ஒரே காரணத்தால். நாட்டிய கொள்கை இன்மையால். கொள்கை உண்டாயின், எப்பகுதி வேண்டும், எது வேண்டா, எது முன், எது பின் என்பன தாமே துலங்கும்.

ஆகலின் ஆய்வு மாணவர்க்கு யாம் வேண்டுவது ஒன்றே. கட்டுரை எழுதத் தொடங்குமுன், தம் மேற்கோளைப் பழைய பொருளில் ஒரே தொடராக எழுதிக்கொள்க. அதனை மறுப்பவர் ஒருவரையேனும் எண்ணிப் பார்க்க. அவர் காட்டக்கூடிய பாடலைத் தாமே தேடி எடுக்க. அதன் பின்னர் எழுதும் கட்டுரையில், புதிய பொருளில் உள்ள மேற்கோள்கள் தமக்குரிய இடத்தில் அடங்கி நிற்கும்.