பாறைப் படமும் பாமினி எழுத்தும்: இன்க்ஸ்கேப்–லேடெக் கூட்டணி எப்படி?

ஒரு கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் கோக்கும் புத்தகத்துக்குள் நுழைக்க நான்கைந்து வழிகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அநேகமாக எல்லாமே ஒப்பேறும். தமிழ் என்று வந்துவிட்டால் ஒன்றுதான் தேறுகிறது. படம் வரையும் இன்க்ஸ்கேப் 1.4-ஐயும், லேடெக் அச்சுக்கோப்பு நிரல் அடங்கிய டெக் லைவ் தொகுப்பையும் வைத்து ஒரு சிறு கையேடு தயாரித்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

வேலை இதுதான். பாடாலூரிலிருந்து கிழக்கே அரியலூர் வரை நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வேண்டும். பாடாலூர்ப் பக்கம் குவாரிகளில் உடைபடுவது மிகப் பழைய அடிப்பாறை. கிழக்கே போகப் போகப் பாறைக்கு வயது குறையும். முதலில் ஊட்டத்தூர் தொகுதி, அடுத்து திருச்சிராப்பள்ளி தொகுதி, பிறகு அரியலூர் தொகுதி. இந்த மூன்று பிரிவும் 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு வகுத்தவை. காரை கிராமத்தருகே மழை அரித்த செம்பள்ளங்களில் ஜிப்சம் மின்னும். அம்மோனைட், பெலம்னைட் படிமங்கள் கிடைக்கும். அதைப் பார்க்க வரும் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு, நடுவில் இந்தப் படம். அடுக்குகளுக்குச் சாய்வு, ஒவ்வொன்றுக்கும் பெயர், ஓரத்தில் வயது. கோடு கொஞ்சம், எழுத்து நிறைய.

படத்தின் முதல் வடிவம் நெடுஞ்சாலையோர டிடிபி கடை ஒன்றில், கோரல் டிராவில் பாமினி ஃபாண்ட் போட்டு வரைந்தது. என் மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ். கோரல் ஃபைலை இன்க்ஸ்கேப் நேரடியாகவே திறக்கும். அடுக்குக் கோடுகள் பெரும்பாலும் வந்துவிட்டன. நிழல், சாய்வு வண்ணம் போன்ற அலங்காரங்கள் உதிர்ந்தன. எழுத்துதான் சிக்கல். பாமினி யூனிகோடு அல்ல. அதில் ‘காரை’ என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது எஃப், எச், ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் அந்த நான்கும்தான் தெரியும். இதில் இன்க்ஸ்கேப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் டிடிபி கடைகள் பல இன்னும் இந்தக் காலத்தைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் படத்துக்குள் சிதறிக் கிடக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றுவதைவிட, புதிதாக அடிப்பதே சுலபம்.

படத்தை ஜேபிஜியாக வாட்ஸ்அப்பில் வாங்கி ஒட்டுவது ஊரறிந்த குறுக்குவழி. அதை நான் வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 1,600 புள்ளி அகலமுள்ள படம் 300 டிபிஐயில் சுமார் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் காணும். அதிலும் சுழி, கொம்பு எல்லாம் ஓரத்தில் பூசணம் பிடித்ததுபோல் தெரியும்.

லேடெக்கில் ஏன் இத்தனை பாடு என்பவர்களுக்குக் கொஞ்சம் பழங்கதை. லேடெக்குக்கு அடித்தளமான, டொனால்ட் நூத் 1978-ல் வெளியிட்ட டெக் நிரலுக்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பெட்டி மட்டும்: இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், காலியாக விடு. உள்ளே எதை நிரப்புவது என்பதை அடுத்த நிரலுக்குச் சீட்டெழுதி அனுப்பிவிடும். 1984-ல் மெக்கின்டாஷ் வந்தது. படம் வரைவது அதில் சுகம். ஆனால் அதன் பட வடிவம் யூனிக்ஸ் மெஷினில் ஓடும் டெக்குக்குப் புரியாது. இரண்டுக்கும் பொதுவாக அமைந்தது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். அதிலிருந்து பிறந்தது இபிஎஸ். இபிஎஸ் ஃபைலின் தலைப்பில் படத்தின் எல்லையைச் சொல்லும் நான்கு எண்கள் கொண்ட ஒரு வரி இருக்கும். பெட்டியின் அளவுக்கு அந்த வரி போதும்; மீதியை அச்சுப்பொறி பார்த்துக்கொள்ளும். இன்று இபிஎஸ் இருந்த இடத்தில் பிடிஎஃப் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக் கணக்கு மட்டும் மாறவில்லை.

எனவே பிடிஎஃப். இன்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது எழுத்தை என்ன செய்வது என்று மூன்று தேர்வுகள் வரும். முதலாவது, ஃபாண்டைப் பொதித்து அனுப்புவது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தைப் பாதியாகச் சிறிதாக்கினால் எழுத்தும் பாதியாகும். புத்தகத்தின் எழுத்துருவும் படத்தின் எழுத்துருவும் வேறாக நிற்கும். இரண்டாவது, எழுத்தைக் கோடாக மாற்றுவது. நம் அச்சகங்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான், ஏனென்றால் எந்த மெஷினிலும் உடையாது. ஆனால் பிறகு ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்த முடியாது. பிடிஎஃப்பில் ‘ஊட்டத்தூர்’ என்று தேடினால் படத்துக்குள் இருக்கும் ஊட்டத்தூர் அகப்படாது.

மூன்றாவது தேர்வுக்காகவே இந்த விமர்சனம். எழுத்தை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் பிடிஎஃப் ஆக்கி, எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதைத் தனியாக ஒரு லேடெக் ஃபைலில் எழுதித் தருகிறது இன்க்ஸ்கேப். அச்சுக்கோக்கும் நேரத்தில்தான் தமிழ் எழுத்து படத்தின் மேல் ஏறுகிறது, புத்தகத்தின் அதே ஃபாண்டில், அதே அளவில். கையேட்டுக்கு ஒரு அகலம், வகுப்பறையில் ஒட்ட ஏ4 தாளுக்கு இன்னொரு அகலம் என்று ஒரே படத்தை இரண்டு விதமாகப் போட்டேன். கோடுகள் விரிந்தன, எழுத்து தன் அளவிலேயே நின்றது. வயதைத் திருத்த வேண்டியிருந்தபோது இன்க்ஸ்கேப்பைத் திறக்கவே இல்லை. லேடெக் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றியதோடு சரி.

சில பழக்கங்கள் வேண்டும். தமிழ்ப் பெயர்கள் நீளம். வரையும்போது சிறிய எழுத்தில் அடங்கிய ‘திருச்சிராப்பள்ளி தொகுதி’, புத்தக எழுத்தில் ஏறியதும் அடுத்த அடுக்குக்குள் நீண்டுவிடும். பெயர்களை நடுச்சீராக வைத்தால் இருபுறமும் சமமாக விரியும். அந்தச் சீரை இன்க்ஸ்கேப் மறக்காமல் கடத்துகிறது. எழுத்துகள் அனைத்தையும் மேலடுக்கில் வைப்பது நல்லது, கோடுகளுக்கு நடுவே செருகினால் பிடிஎஃப்பைப் பல பக்கங்களாகப் பிரித்துவிடும். விழுக்காட்டுக் குறியைப் படத்தில் அப்படியே போட்டால் லேடெக் அதற்கப்பால் உள்ளதைக் குறிப்பு என்று எண்ணித் தள்ளிவிடும். லுவாலேடெக்கில் தமிழ் ஃபாண்டுக்கு, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கொம்பு தப்பான இடத்தில் நிற்க இடமுண்டு. நான் பயன்படுத்தியது நோட்டோ செரிஃப் தமிழ். எந்த மெஷினிலும் இலவசமாக நிறுவலாம். விண்டோஸின் லதாவை நம்பினால் லினக்ஸில் அது இருக்காது.

இன்க்ஸ்கேப்பின் உண்மையான பலவீனம் நிறம். 1.4 வரை அது வேலை செய்வதெல்லாம் ஆர்ஜிபியில்தான். ஆஃப்செட் அச்சகத்துக்கு வேண்டியது நான்கு மை. கருப்புக் கோடு நான்கு மையிலும் பிரிந்தால், தகடு ஒரு நூல் விலகினாலும் நிழல் தட்டும். கோடுகளைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலில் இன்னொரு சுற்று மாற்ற வேண்டியிருக்கிறது, அதன் பிறகும் அச்சகத்தில் நிறப்பிரிப்பைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் எழுத்துக்கு இங்கே ஒரு லாபம். லேடெக்கின் எக்ஸ்கலர் தொகுப்பை நான்கு மைத் தேர்வோடு அழைத்தால், படத்தின் மேல் ஏறும் எழுத்துகள் தூய கருப்பு மையில் மட்டும் விழுகின்றன. சிறிய தமிழ் எழுத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது கலர் பக்கத்தில் எட்டுப் புள்ளி எழுத்தை அச்சடித்தவர்களுக்குத் தெரியும்.

ஆவணத்துக்குள்ளேயே நிரலாக எழுதி வரையும் டிக்ஸ் தொகுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். வரைபடம், கட்டம், அம்புக்குறிக்கு அது அருமை. காரையின் அரிப்புப் பள்ளங்களை ஆயத்தொலை எண்களாக எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

இன்க்ஸ்கேப், லேடெக் இரண்டும் இலவசம். ஆய்வேடு, பாடநூல், கையேடு தயாரிக்கிறவர்கள் தயங்காமல் இறங்கலாம். முதல் படத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கிறவர்களுக்குக் கோரல் டிராவே போதும். அவர்களிடம் படம் வரையக் கொடுப்பவர்கள் மட்டும், எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் எஸ்விஜியாகச் சேமித்துப் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.