அவசரப்படாத ராக்

தபலா வாசித்துக்கொண்டே பாடுவது லேசான காரியமல்ல. விரல் தாளத்தைப் பின்னும்போது குரல் அதன் பிடியில் சிக்காமல் தன் போக்கில் நீள வேண்டும். டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழுவில் அஷீம் சக்ரவர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைச் செய்தார். 1990இல் அவரும் கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென்னும் தொடங்கிய குழு அது.

புனேயில் இருந்துகொண்டு அவர்களைக் கேட்பது தனி சுகம். 1953 முதல் சவாய் கந்தர்வ விழாவில் ராகம் மெல்ல விரிவதைக் கேட்டுப் பழகிய ஊர் இது. 2010 டிசம்பரில் என்எச்7 வீக்கெண்டர் இசைவிழா தொடங்கியதும் இங்கேதான். இந்த ஊரின் சொந்தக் குழுவான ‘அக்னி’யும் ‘சாதோ ரே’ என்று கபீரை ராக்கில் பாடியிருக்கிறது. கச்சிதமான பாட்டு, எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தியன் ஓஷனிடம் இருப்பது ஆலாபனையின் நிதானம். கேரள சிரியக் கிறிஸ்தவர்களின் பழந்துதியை எடுத்துக்கொண்ட ‘கந்தீசா’வைக் (2000) கேளுங்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், யாரும் முந்துவதில்லை. சுஷ்மித்தின் கிட்டாரில் டிஸ்டார்ஷன் உறுமல் கிடையாது. அமித் கிலாமின் ட்ரம்ஸ் தபலாவுக்கு இடம்விட்டு அடிக்கிறது. நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கெடுத்த ராகுல் ராம், ‘மா ரேவா’வை அந்த ஆற்றங்கரையிலிருந்தே கொண்டுவந்தார். அவருடைய பேஸ் கிட்டார் அதில் படகாட்டம் போல அசைகிறது.

அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவும் இப்படித்தான், இரண்டு தாளக் கலைஞர்களோடு மேடையிலேயே பாட்டை வளர்த்தது. 1995இல் அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்ததும் அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அஷீம் 2009 டிசம்பர் 25 அன்று போனார். இவர்கள் நிறுத்தவில்லை. அவர் குரல் பதிவான ‘16/330 கஜூர் ரோடு’ பாடல்களை 2010இல் தொடங்கி மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். எப்பேர்ப்பட்ட அஞ்சலி! மேடையில் அவர் இடத்துக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2013இல் சுஷ்மித்தும் விலகினார், நிகில் ராவ் வந்தார். 2023இல் ‘து ஹை’ ஆல்பம் வெளிவந்தது, நிதானம் கெடவில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ‘டெஸர்ட் ரெயின்’. 1997 புத்தாண்டு நாளில், வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாக டெல்லியில் நடந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு. ஸ்டுடியோவின் மெருகு ஏதுமில்லை. அஷீமின் விரலும் குரலும் ஒரே மூச்சில் வருவதை அதில்தான் முழுசாகக் கேட்கலாம்.