ஜூம், பிரைம், அத்தை: தறிவீட்டுப் படங்கள் குறித்து

நெசவாளர்களைப் பற்றிய புகைப்படங்களை நண்பர்கள் வந்தவாசியில் ஒரு மாடியறையில் மாட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு டீக்கடையில் நின்றபோது வழக்கம்போலச் சண்டை வந்தது. தோழர் ஒருவர் சொன்னார்: “ஜூம்ங்கிறது வேவு பாக்குற லென்ஸு. தூர நின்னுக்கிட்டு மூஞ்சிய இழுத்துக்கும். பிரைம்ல அது நடக்காது. நடந்து கிட்டப் போவணும், பேசணும். அதனால பிரைம்தான் நேர்மை.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தேசூர். மாமா வீட்டில் இன்றும் பட்டுத்தறி ஓடுகிறது. இரண்டு லென்ஸ்களையும் இரவல் வாங்கிப் போய் அந்த வீட்டில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தை நேராக வைத்துக்கொள்வோம். பிரைம் என்பது குவியத்தூரம் மாறாத லென்ஸ். 50 மி.மீ. என்றால் 50தான். ஜூமில் வளையத்தைத் திருப்பினால் 18இலிருந்து 55 வரை, 70இலிருந்து 300 வரை என்று மாறிக்கொண்டே போகும். இந்த மாற்றம் எதை மாற்றுகிறது என்பதில்தான் குழப்பம். தெருவில் 12 அடி தள்ளி ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் 100 அடியில் ஒரு வேப்பமரம். ஜூமைத் திருப்பினால் ஆளும் மரமும் ஒரே விகிதத்தில் பெரிதாகிறார்கள். திருப்பாமல் ஆறடி முன்னே நடந்தால் ஆள் இரண்டு மடங்காகிறார். மரமோ நூற்றுக்கு ஆறு பங்குகூட வளர்வதில்லை. ஆக, மனிதருக்கும் அவருடைய உலகத்துக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, எடுப்பவர் நிற்கிற இடம். ஜூம் அந்த உறவிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தருகிறது, அவ்வளவே. எம்.ஏ. தமிழ் படித்த தோஷம், கண்டோர் கூற்று நினைவுக்கு வருகிறது. உடன்போக்கில் போகிறவர்களைப் பற்றிப் பேசுபவர் வழியோரத்தில் நிற்கிறார். அந்த வழியோரம் அவர் பேச்சிலேயே இருக்கிறது, மறைக்க முடியாது. புகைப்படமும் அப்படித்தான்.

நம் சினிமா இந்த வெட்டை நகர்வு என்று நம்ப வைத்தது. எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் தந்தி வரும், இடி இடிக்கும், காமிரா முகத்தின்மேல் பாயும். அது காமிரா அல்ல, வளையம். டிராலிக்குத் தண்டவாளம் போட வேண்டும், தள்ள ஆள் வேண்டும், நேரம் வேண்டும். வளையத்தைத் திருப்ப ஒரு கை போதும். மலிவுக்காக வந்தது மொழியாகிவிட்டது. அதற்காக ஜூமையே தீண்டத்தகாததாக்குவது அபத்தம். சத்யஜித் ராயின் ‘சாருலதா’வில் (1964) தன்னைக் கவனிக்காமலே கடந்து போகும் கணவனைச் சாரு கைக்கண்ணாடியால் பார்க்கிறாள், கையைத் தாழ்த்துகிறாள், சட்டென்று காட்சி அவளைவிட்டுப் பின்வாங்குகிறது. பக்கத்தில் இருந்தும் தூரமாகிப் போனதைச் சொல்ல, நிற்கிற இடம் மாறாமல் விலகுகிற இந்தக் கருவியைவிடப் பொருத்தமானது வேறெது?

பிரைமின் புராணத்துக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஸ்தலம் உண்டு. 1950 ஏப்ரலில் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் அவருடைய அடையாளம். 35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கான முதல் ஜூம் 1959இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவரை கிட்டே போக ஆசைப்பட்டவர்கள் காலால்தான் போனார்கள். ஆனால் கிட்டே போனதே நேர்மைக்குச் சான்றாகுமா? 1943 வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா கிட்டே நின்றுதான் எடுத்தார். அந்தப் படங்கள் நாட்டை உலுக்கின, அவற்றின் அரசியல் அவசியத்தை நான் மறுக்கவில்லை. எனினும் பசியில் கிடப்பவருக்கு ‘என்னை எடுக்காதே’ என்று சொல்லும் திராணி இருந்ததா என்ற கேள்வியை அடிக்கணக்கால் தீர்க்க முடியாது. மறுபக்கம், தடியடியை மொட்டைமாடியிலிருந்து 300 மி.மீ.யில் எடுக்கிற பெண்ணிடம் ‘நேர்மை வேண்டுமானால் கிட்டே போ’ என்று எந்தத் தோழர் சொல்வார்?

தறிவீட்டுக்கு வருகிறேன். நீள வீடு. முன்னறையைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கிறது. மாமா குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மூன்றடியில் சுவர், அதற்குமேல் நகர இடமில்லை. வெளிச்சம் என்றால் ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். சேர்ந்து வந்த ஜூமை 55இல் வைத்தால் துவாரம் எஃப்/5.6, பிரைம் எஃப்/1.8 வரை திறக்கும். ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சம். பிரைமில் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கிடைக்கிற படம் ஜூமில் ஆறில் ஒரு பங்கு கேட்கிறது. அதற்குள் நாடா ஓடிவிடுகிறது, கை புகையாகிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டேன். சரிகை எரிந்த மாதிரி வெளுத்தது, வீட்டின் இருட்டு பொய்யாகிப்போனது. இந்த இடத்தில் பிரைமுக்குத்தான் ஓட்டு என்று நினைத்தேன்.

மாமாவின் கை துல்லியமாக வந்தது. ஒவ்வொரு இழையும் தெரிந்தது. பின்னணி முழுக்க இதமான மங்கல், எல்லோரும் மெச்சுகிற மங்கல். பத்துப் பதினைந்து எடுத்திருப்பேன். அத்தை கேட்டாள்: “ஏம்பா, மாமாவையே புடிச்சிக்கினு இருக்கிற, நான் இங்க ஒக்காந்துக்கினு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?”

கோர்வைக் கரை நெய்ய ஒருவர் கை போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாடாவை வாங்கித் தர வேண்டும். முன்பு அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தை. கூலி சேலைக்கு, கணக்கில் மாமாவின் பெயர். என் படங்களில் அத்தை ஒரு வெளிர்நிறக் கறை.

அப்போதுதான் வந்தவாசி அறையின் சுவர்கள் எனக்குத் திரும்பி வந்தன. அநேகமாக எல்லாப் படத்திலும் ஒரே ஆண், தனியாக, கூர்மையாக, சுற்றிலும் மங்கல். ‘மகத்தான கலைஞன்’ என்கிற கதையாடல். அதைத் தயாரித்ததில் அகலத் திறந்த பிரைமுக்கும் பங்கு உண்டு. துவாரத்தை மூடியிருந்தால் அத்தை தெளிந்திருப்பாள், வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடும் அளவுக்கு அந்த வீட்டில் வெளிச்சமில்லை. மூடியிருந்தாலும் அந்த மூன்றடிச் சுவரிலிருந்து 50 மி.மீ. லென்ஸுக்குள் இருவரும் முழுசாக அடங்கியிருக்க மாட்டார்கள்.

ஜூமை மறுபடி மாட்டி 18க்குத் திருப்பினேன். சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன். படம் பொரிப்பொரியாக வந்தது, கிட்டே இருந்த மாமாவின் முழங்கை பூதாகரமாகத் தெரிந்தது, ஓரத்தில் ரேஷன் அரிசிப் பையும் வந்துவிட்டது. அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருவர் கைக்கும் நடுவில் நாடா இருந்தது. வேவு பார்க்கும் லென்ஸ் என்று தோழர் திட்டிய அதே லென்ஸ்.

அடுத்த முறை மாட்டும்போது படங்களுக்குக் கீழே லென்ஸின் எண்ணை எழுதுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எழுதட்டும். எத்தனை அடி தள்ளி நின்றோம், அந்த அறையில் இன்னும் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தை இருக்கிற படத்தையும் கொடுத்திருக்கிறேன். தரம் போதாது என்கிறார்கள்.