வாத்தை வயலில் இறக்கலாம், அப்புறம்?

தக்காவ் ஃபுருனோவின் 'தி பவர் ஆஃப் டக்' (2001) புத்தகத்தை இரண்டாவது தடவை படித்து முடித்தேன். முதல் தடவை மயங்கிப் படித்தது. இது, வயலில் இறங்கி அடிபட்ட பிறகு படித்தது.

ஜப்பானின் கியூஷு தீவில் சிறு விவசாயி அவர். 1988-ல், நட்ட வயலுக்குள் வாத்துக்குஞ்சுகளை விட ஆரம்பித்தார். அய்கமோ என்று பெயர், காட்டு வாத்தும் வீட்டு வாத்தும் கலந்த இனம். களை, பூச்சியைத் தின்னும். எச்சம் உரம். கூடவே அசோலா, மீன், சுற்றி மின்வேலி. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு இன்புட். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுக்கு இது போதை.

கதிர் வந்ததும் வாத்தை வெளியே எடுக்கணும், இல்லேன்னா நெல்லையே தின்னுடும். அடுத்த நடவுக்குப் புதுக் குஞ்சு. பழசு? கறிக்கு. ஃபுருனோ இதை மறைக்கவில்லை, கறியும் அவருக்கு ஒரு விளைச்சல்தான். நம்மூர் இயற்கை விவசாயப் பேச்சுகளில் நான் கேட்டவரைக்கும், இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு வாத்து புதுசில்லை. அறுப்பு முடிந்ததும் உத்தமபாளையம் வயல்களில் கூட்டம் கூட்டமாக மேயும். சிந்திய நெல்லும் நத்தையும் அதுக்கு, எச்சம் வயல்காரருக்கு, முட்டை வாத்துக்காரருக்கு. யார் அறுப்பது, யார் தின்பது என்ற கேள்வியே வயல்காரருக்கு வராது.

என் விமர்சனம் இங்கேதான். வாங்குகிற வாய் இருக்கிறது என்று புத்தகம் எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் வாத்துக்கறி போட்ட சோபா நூடுல்ஸ் பழைய பண்டம், அங்கே சரி. இங்கே? பத்து ஏருக்கு 15 குஞ்சு என்று குறைச்சலாக வைத்தாலே ஏக்கருக்கு 60. பெரியாறு பாசன இருபோகம் 14,707 ஏக்கர். ஒரு போகத்துக்கு 8.8 லட்சம் வாத்து! எங்க ஊர் கறிக்கடைகளில் ஆடும் பிராய்லரும்தான் ஓடுது. பொட்டை வாத்து முட்டைக்குப் போகட்டும், பாதி சேவல் ஆச்சே.

ஷிகோகு தீவிலிருந்த ஃபுகுவோகாவும் வயலில் வாத்து விட்டவர்தான். நடுவில் நெடுஞ்சாலை வந்து, வாத்துகள் கொட்டகைக்குத் திரும்ப முடியாமல் போனதும் கோழி எருவுக்கு மாறினார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் இதை இரண்டு மூணு வரியில் சொல்லிப் போய்விடுவார். எங்கே உடைந்தது என்று சொல்கிற அந்த வரிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபுருனோவிடம் அந்த மாதிரி இன்னும் நாலு இடம் வேணும்.

போன போகம் எங்கள் நாற்பது சென்ட்டில் இருபது குஞ்சு விட்டேன். நாய் போக மிச்சம் பதிமூணு. களை நிஜமாகவே குறைந்தது. கதிர் வந்தது. "நீ அறுக்கிறதுன்னா என் அடுப்புல வேணாம்பா" என்றார் அம்மா. எனக்கும் கை வரவில்லை. அறுத்த வயலில் மேய்த்துக்கொண்டிருந்த வாத்துக்கார அண்ணனிடம் மொத்தத்தையும் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

"சேவல் எட்டு இருக்கு தம்பி, சாயந்திரமே போயிரும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.