நைட் பேண்டும் பிஜாமாவும்: சிறுவர் இரவுடை, கொங்கிலும் இலங்கையிலும்

சிறுவருக்கு வீட்டில் தைக்கும் பைஜாமா இரண்டே துண்டுத் துணியில் முடிகிற உடுப்பு. காலுக்கு ஒரு துண்டு. பக்கவாட்டில் தையல் கிடையாது. உள்காலில் ஒரு தையல், கவட்டில் ஒரு தையல், இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ கோக்க ஒரு மடிப்பு, அவ்வளவுதான்.

பாரசீக மொழியில் காலையும் உடையையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் இது. தமிழுக்கு இரண்டு வழியாக வந்திருக்கிறது. தமிழகத்துக்கு வடக்கிலிருந்து நேராக வந்ததால், பைஜாமா என்றதும் ஜிப்பாவோடு போடும் வெள்ளை உடுப்புதான் நினைவுக்கு வரும். இலங்கைக்கு ஆங்கிலத்தின் வழியே போனதால் அங்கே அது ‘பிஜாமா’. படுக்கைக்குப் போகும்போது போடுவது. கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் அந்தப் படுக்கை உடுப்பின் பெயர் ‘நைட் பேண்ட்’.

மற்றச் சொற்களிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. கொங்கில் டவுசர் என்பது இலங்கையில் காற்சட்டை அல்லது களிசான். களிசான் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். கொங்கின் ஜோப்பு அங்கே பொக்கற். பொத்தான் அங்கே தெறி. அச்சிட்ட பருத்தித் துணி இங்கே சீட்டி, அங்கே சீத்தை. இரண்டும் ஒரே வேர். துணி அளவு இங்கே கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாறிவிட்டது. அங்கே பேச்சில் இன்னும் ‘யார்’ வாழ்கிறது.

பனியன் ஊரான திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் கடைச்சரக்குத்தான், வீட்டுத் தையல் என்றால் யாழ்ப்பாணம்தான் என்றொரு பேச்சு உண்டு. துணி எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பேச்சு எண்ணிப் பார்ப்பதில்லை. கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. திருப்பூரில் 1925 முதல் பனியன் பின்னப்படுகிறது. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள் காடாத் துணி நெய்கின்றன. ஈரோட்டுச் சந்தையில் துணி மலைபோல் குவிகிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் திருப்பூர் காதர்பேட்டையில் விற்பனைக்கு வருகின்றன. வெட்டுத்துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. கொங்குத் தாய் நைட் பேண்ட் தைக்க உட்காரும்போது, சுற்றுவட்டாரத்துத் தறிகளின் உழைப்பு முழுதும் அவள் மடியில் வந்து விழுகிறது. ஆலை இங்கே வீட்டுத் தையலுக்குப் பகையாக வரவில்லை. துணியும் தொழில்நுட்பமும் கொடுத்து அதை வளர்த்தது.

வெட்டும் முறை இரு நாட்டிலும் ஒன்றே. ஐந்து வயதுப் பையனுக்கு இடுப்பு 21 அங்குலம், பின்புறச் சுற்று 24, உடுப்பின் நீளம் 24 என்று வைத்துக்கொண்டால், 44 அங்குல அகலத் துணியில் முக்கால் மீட்டர் போதும். 36 அங்குல அகலமானால் ஒன்றரை மீட்டர் வேண்டும். பருத்தியை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் பிறகு சுருங்காது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை ஓர் அங்குலம் ஏற்றி, கவட்டு வளைவைச் சற்று ஆழமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பையன் குத்தவைக்கும்போது இடுப்பு கீழே இறங்கிவிடும். எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டுவது வழக்கம்.

தைப்பில்தான் கொங்கின் தனித்தன்மை தெரிகிறது. பனியன் துணி இழுபடும். இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி துண்டைப் போட வேண்டும். சாதாரண நேர்த்தையல் போட்டால் பையன் ஓடும்போது நூல் தெறித்துவிடும். அதற்காக உருண்டை முனை ஊசி போட்டு, துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். அல்லது பவர்டேபிள் தையல் கூடத்தில் வேலைசெய்யும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்து வாங்குவார்கள். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கிள் நீடில் என்பவை இங்கே அடுப்படிப் பேச்சிலும் புழங்கும் சொற்கள். பகலில் கம்பெனிக்குத் தைத்த கை, இரவில் மகனுக்குத் தைக்கிறது.

இலங்கைத் தையலின் பலம் வேறு. சிங்கர் நிறுவனம் அங்கே 1877இலேயே கால்வைத்தது. மனைப்பொருளியல் பள்ளிப் பாடமாக இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து அரசு மாணவருக்குச் சீருடைத் துணியைத் துணியாகவே கொடுத்துவந்ததால், அதைத் தைப்பது வீட்டின் பொறுப்பானது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில் கால்மெஷின்தான் கைகொடுத்தது. விளிம்பை உள்ளே மறைத்து இருமுறை தைக்கும் பொறுமையும், பழைய சாரத்தை, அதாவது கைலியை, பிரித்துச் சிறுவனுக்குக் காலுடை தைக்கும் சிக்கனமும் மதிக்கத்தக்கவை. நுவரெலியாக் குளிருக்கு ஃபிளானல் பிஜாமா, யாழ்ப்பாணப் புழுக்கத்துக்கு மெல்லிய பருத்தி என்று துணி மாறும். கொங்கு நாட்டார் இந்தத் தையலைப் பார்த்தது பெரும்பாலும் பவானிசாகர், பூலுவப்பட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில்தான். கடல் தாண்டிப் போய்ப் பார்த்தவர் குறைவு.

கற்பிப்பதிலும் கொங்கு பின்தங்கியதில்லை. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கியது. ஆடையியல் அங்கே பட்டப்படிப்பு. தமிழக அரசின் தையல் தேர்வுகள் கீழ்நிலை, மேல்நிலை என்று நடக்கின்றன. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. தமிழகத்தில் இலவசச் சீருடை தைத்தே கொடுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் துணியைப் பெருமளவில் நெய்வது ஈரோடு, திருப்பூர் விசைத்தறிகள். தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். அதுவும் வீட்டுப் பெண்களின் கைவேலைதான்; ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்குமாகத் தைப்பது.

கடைசி வேலை கீழ்மடிப்பு. வளரும் பையனுக்கென்று இரண்டங்குலம் உள்ளே மடித்து, பெரிய தையலாகப் போடுவார்கள். ஆண்டுக்கொரு முறை அதைப் பிரித்து இறக்கலாம். இறக்க இடமில்லாதபோது தம்பிக்குப் போகும். முழங்கால் கிழிந்தால் அரைக்காலாக வெட்டப்படும். அதன்பின் அடுப்படியில் கரித்துணியாகும். இந்தக் கணக்கிலும் இரு கரைக்கும் வேறுபாடில்லை.