மேடையில் கேட்கப்பட்ட கேள்விகள்

ஒரு தேர்வைப் பற்றி அறிய விரும்புவோர் பெரும்பாலும் தேர்ச்சிப் பட்டியலையே தேடுவர்; வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் படிப்போர் மிகச் சிலர். அழகிப் போட்டிகளைக் குறித்து நம்மிடையே எழும் பேச்சும் அத்தகையதே. வென்றவர் யார், அவர் உடுத்தியது என்ன, அது தகுமா தகாதா என்பவற்றோடு நம் ஆராய்ச்சி ஓய்ந்துவிடுகிறது. அந்த மேடையில் அப்பெண்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. கேள்வியானது கேட்கப்படுபவரை அளப்பதற்கு முன்னரே கேட்பவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தக் கோணத்தில் ஒரு போட்டியைத் திறனாய்ந்து பார்க்க விழைகிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது 1994ஆம் ஆண்டு கோவாவில் நடைபெற்ற மிஸ் இந்தியா போட்டி. 'ஃபெமினா' என்னும் ஆங்கில மகளிர் இதழின் பெயரால் 1964 முதல் நடந்துவரும் போட்டி அது. முடிவை அறியாதார் அரிது. சுஷ்மிதா சென் முதலிடம் பெற்றார். ஐஸ்வர்யா ராய் இரண்டாமிடம். அவ்வாண்டு மே 21ஆம் நாள் மணிலாவில் சுஷ்மிதா பிரபஞ்ச அழகியானார். நவம்பர் 19ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் ஐஸ்வர்யா உலக அழகியானார். தமிழ் மக்கள் 1997இல் முன்னவரை 'ரட்சகன்' படத்திலும் பின்னவரை 'இருவர்' படத்திலும் கண்டனர். நாட்டுக்குள் இரண்டாமவர் என்று ஒதுக்கப்பட்டவரை உலகம் முதல்வர் என்று கொண்டாடியது என்னும் இந்த ஒன்றே, இத்தகைய தரவரிசைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குப் போதிய விளக்கம்.

ஐஸ்வர்யாவுக்கு அப்போது வயது 20. விளம்பரப் படங்களின் வாயிலாக நாடறிந்த முகம் அவருடையது. சுஷ்மிதாவோ 18 வயது நிரம்பிய, விமானப்படை அதிகாரி ஒருவரின் மகள். ஐஸ்வர்யா பங்கேற்கிறார் என அறிந்து தாம் பின்வாங்க முனைந்ததையும், தாயார் கடிந்துகொண்டு அனுப்பிவைத்ததையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் அணிந்த நீண்ட அங்கி டில்லி சரோஜினி நகர்ச் சந்தையில் உள்பாவாடை தைக்கும் ஒரு தையற்காரரின் கைவண்ணம். கையுறைகளோ புதுக் காலுறைகளை வெட்டித் தைத்தவை. பகட்டின் உச்சமென நாம் நினைக்கும் மேடைக்குள் நடுத்தரக் குடும்பத்துச் சிக்கனம் இவ்வாறு நுழைந்துவிட்டதை எண்ணுகையில் நமக்குச் சிறு மகிழ்ச்சியே உண்டாகிறது. நடுவர்கள் கண்ணுக்கு அது புலப்படவில்லை போலும்.

இருவரும் சம மதிப்பெண்களில் வந்து நின்றனர். முடிச்சை அவிழ்க்க ஆளுக்கொரு கேள்வி. நம் திறனாய்வு தொடங்கும் இடம் இதுவே. இந்தியாவின் நெசவு மரபைப் பற்றி என்ன அறிவீர், அது எவ்வளவு காலத் தொன்மை உடையது, நீர் எதை உடுத்த விரும்புவீர் என்று சுஷ்மிதாவிடம் கேட்டார்கள். அவர் காந்தியடிகளின் கதரிலிருந்து விடையைத் தொடங்கினார். ஐஸ்வர்யாவிடம் கேட்டதோ, கணவரிடம் நீர் தேடும் பண்புகள் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' தொடரின் ரிட்ஜ் ஃபாரஸ்டரிடம் உள்ளவையா, 'சாண்டா பார்பரா' தொடரின் மேசன் கேப்வெல்லிடம் உள்ளவையா என்பது. இவ்விரண்டும் அந்நாளில் கேபிள் வழியே இந்திய வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள். அவர் மேசனைத் தேர்ந்து, அக்கறையையும் நகைச்சுவை உணர்வையும் காரணமாகச் சொன்னார்.

இந்த இரு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று அப்பெண்ணைத் தன் நாட்டின் வரலாற்றுக்குள் அழைக்கிறது. தறியும் நூலும் விடுதலைப் போரும் அவர் விடைக்குக் காத்திருக்கின்றன. மற்றொன்று இரு கற்பனைக் கணவர்களைக் காட்டி, இவரா அவரா என்று கேட்கிறது. மூன்றாவது ஒருவருக்கு அங்கு இடமில்லை. இருவரும் வேண்டாம் என்பதற்கும் இடமில்லை. முன்னதில் பெண் ஒரு குடிமகள். பின்னதில் வருங்கால மனைவி, அதுவும் அயல்நாட்டுத் தொடர் பார்க்கும் மனைவி. ஒரே வகுப்பில் சம மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவரை வரலாற்றிலும் மற்றவரை வம்புப் பேச்சிலும் சோதித்து, 'வரலாறு அறிந்தவளே வென்றாள்' என்று எந்த ஆசிரியராவது தீர்ப்பளித்தால் பெற்றோர் விடுவரோ? சுஷ்மிதாவின் வெற்றியைக் குறைத்து மதிப்பிட இதை நாம் சொல்லவில்லை. அவர் விடை மிடுக்காகவே இருந்தது. தராசில் ஒரு தட்டுக்கு மட்டும் எடைக்கல் வைத்தவர்கள் கேள்வி வகுத்தவர்களே.

மணிலாவில் நிலை சற்று உயர்ந்தது. பெண்மையின் சாரம் எது என்பது அங்கே சுஷ்மிதா எதிர்கொண்ட இறுதிக் கேள்வி. பெண்ணாய்ப் பிறப்பதே கடவுளின் கொடை என்றும், குழந்தையின் தோற்றுவாய் தாயே என்றும், அன்பும் பகிர்தலும் இன்னவை என்று ஆணுக்குக் காட்டுபவள் அவளே என்றும் பொருள்பட அவர் விடையிறுத்தார். சொற்பொழிவாக மட்டும் எடைபோட்டால் அது பழகிய பாதையில் நடக்கும் விடைதான்; நம் பங்குகளின் அன்னையர் தின மேடைகளில் ஆண்டுதோறும் கேட்பது. ஆயின் அவ்விடைக்கு உரை எழுதப்பட்டது பின்னரே. 2000ஆம் ஆண்டில், திருமணமாகாத இளம்பெண்ணாக இருந்தபோதே, அவர் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். 2010இல் இன்னொரு பெண் குழந்தையை. இதற்கு மதிப்பெண் இடும் நடுவர் எந்த மேடையிலும் அமர்ந்திருக்கவில்லை.

நாடு முழுவதும் தேடி ஓர் அழகியைத் தேர்ந்தெடுத்த கதை நமக்குப் புதிதன்று. எஸ்தர் நூலின் பாரசீக மன்னன் 127 மாநிலங்களை ஆண்டவன். விருந்தினர் முன் தன் அழகைக் காட்ட மறுத்த வஸ்தி அரசியை நீக்கிவிட்டு, மாநிலந்தோறும் கன்னியரைத் திரட்டச் செய்தான். ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் நறுமணப் பொருள்கள் என ஓராண்டு ஒப்பனை. இறுதியில் மகுடம் எஸ்தருக்கு. அந்த அதிகாரத்தில் மன்னன் எஸ்தரிடம் ஒரு கேள்வி கேட்டதாகக் கூட இல்லை; அவள் தன் இனத்தைக் குறித்து வாய் திறக்கலாகாது என்பது மொர்தக்காயின் கட்டளை. மகுடம் சூடிய எஸ்தர் அழகிய ஊமை. பின்னரே, அழைப்பின்றி வருவோர் சாவர் என்னும் சட்டத்தை மீறி அவள் அரசவையில் வந்து நிற்கும்போது, மன்னன் அவளுக்கு வேண்டியது என்னவென்று கேட்கிறான். அந்தக் கேள்வியிலிருந்தே எஸ்தர் என்னும் ஆளுமை பிறக்கிறது; ஓர் இனம் பிழைக்கிறது. நூலாசிரியர் மகுடத்தை இரண்டாம் அதிகாரத்திலேயே முடித்துவிட்டு, கேள்விக்காக ஐந்தாம் அதிகாரம் வரை நம்மைக் காக்க வைத்தது கலைநயம் மட்டுமன்று என்றே தோன்றுகிறது.

எதிர்ப்பாளர்களின் நிலைமையும் சிறந்ததாக இருந்ததா என்றால், இல்லை. 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது கிளர்ச்சி மூண்டது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிர் துறந்தார். நீச்சலுடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது; ஏனைய யாவும் திட்டப்படி நடந்தேறின. பெண்களை வணிகப் பொருளாக்குவதைக் கண்டித்த மாதர் இயக்கத்தாரின் குரல் அக்கூச்சலில் அமிழ்ந்துபோக, பெரிதாய்க் கேட்டதெல்லாம் ஆடையின் அளவைப் பற்றிய வழக்கே. துணி எவ்வளவு என்பதையே ஒரு சாரார் காட்டவும் மறுசாரார் மறைக்கவும் போராடினர். அந்தப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று இரு தரப்பாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஓர் உயிர் போனதுதான் மிச்சம்.

2017 முதல் மிஸ் இந்தியாவுக்கு மாநிலவாரியாகப் பெண்களைத் தேர்வு செய்யும் முறை வந்தது. பன்முக இந்தியா மேடையேறும் என்று பலர் மகிழ்ந்தனர். 2019இல் இறுதிச் சுற்றுக்கு வந்த 30 பேரின் படங்களும் ஒரு நாளேட்டில் ஒரே பக்கத்தில் வெளியாயின. ஒரே நிறம், ஒரே கூந்தல் வார்ப்பு, ஏறக்குறைய ஒரே புன்னகை. உடன்பிறந்தோர் முப்பதின்மரோ என ஐயுறும்படி இருந்தது. கண்டனம் எழுந்தது, தணிந்தது. நாம் ஏளனம் செய்யுமுன், மறைமாவட்ட இதழ்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் அச்சாகும் மணமகள் தேவை விளம்பரங்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். 'பக்தியுள்ள' என்பதை அடுத்து 'சிவந்த நிறமுடைய' என்னும் சொற்கள் கூச்சமின்றி நிற்கும். பெண் பார்க்கச் செல்லும் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளும் நாம் அறிந்தவையே. சமைப்பாயா, பாடுவாயா, வேலையை விடுவாயா என்பவற்றுக்கு மேசனா ரிட்ஜா என்பதே மேல். அதிலாவது கணவனின் பண்பு விசாரிக்கப்பட்டது!

2018இல் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ் மிஸ் இந்தியா ஆனார். சென்னை இலயோலாக் கல்லூரியில் பிரெஞ்சு பயின்ற மாணவி. தனித்து நின்று தாயார் வளர்த்த மகள். வெற்றி, தோல்வி இவற்றுள் சிறந்த ஆசான் எது என்பது அவருக்கு இறுதிச் சுற்றில் கிடைத்த கேள்வி. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்வியின் வடிவம் மாறவில்லை. இதுவா அதுவா என்னும் அதே கவைக்கோல். ஆயினும் இம்முறை அது வேறொருவனின் குணநலனைப் பற்றியதன்று. அவர் தம் வாழ்வில் கற்றதைச் சொல்ல இடம் தந்தது. தோல்வியே என்றார் அவர். தோற்ற வேளைகளில் துணைநின்ற தாயாரைப் பற்றியும் பேசினார்.