செவிக்குரிய மெய்ப்பாடும் கண்ணுக்குரிய மெய்ப்பாடும்: ஆக்னஸ் மூர்ஹெட்டின் நடிப்பு

கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரவல்லார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என்பது தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலின் முடிவிற் கூறும் கருத்தாகும். மேடை நாடகத்தில் இவ்விரு புலன்களும் ஒருங்கே தொழிற்படும். ஒன்றற்கு இடமில்லாதபோது மெய்ப்பாடு குறைவுபடுமா என்னும் வினா வானொலி நாடகத்தோடு எழுந்தது. அமெரிக்கக் குணச்சித்திர நடிகையான ஆக்னஸ் மூர்ஹெட் (1900–1974) இதற்குத் தம் நடிப்பாலேயே விடை பகர்ந்தார் எனலாம். அவ்விடையை அவருடைய இரு நாடகங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆர்சன் வெல்ஸின் மெர்குரி நாடகக் குழுவில் பயின்றவர் இவர். 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் தாயாகவும், 1942-இல் வெளிவந்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தில் மணமாகாத அத்தையாகவும் நடித்தார். கதைத்தலைவியாக அன்றித் தலைவிக்கோ தலைவனுக்கோ அயலில் நிற்கும் மாந்தராகவே பெரும்பாலும் தோன்றினார்.

முதலாவது நாடகம், லூசில் பிளெட்சர் எழுதிய 'சாரி, ராங் நம்பர்'. இது 1943 மே 25 அன்று சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' வரிசையில் ஒலிபரப்பாயிற்று. நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும் பெண்ணொருத்தி, தொலைபேசி இணைப்பு மாறியதால், இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவதைக் கேட்கிறாள். கொல்லப்பட இருப்பவள் தானே என்பதைச் சிறிது சிறிதாக உணர்கிறாள். தொடக்கத்தில் அவளை இரங்கத்தக்கவளாக மூர்ஹெட் காட்டவில்லை. சிடுசிடுப்பும் செருக்கும் மிக்க அக்குரல் கேட்போர்க்கு வெறுப்பையே தருகிறது. வெகுளியாகத் தோன்றியதன் அடியில் அச்சம் உறைந்திருந்தமை பின்னரே புலனாகிறது. சினத்தின் விரைவே மெல்ல மெல்ல அச்சத்தின் விரைவாக மாறுகிறது. நாம் வெறுத்த ஒருத்திக்காகவே நாம் நடுங்குகிறோம். இந்நாடகம் 1948-இல் பார்பரா ஸ்டான்விக் நடிக்கத் திரைப்படமாயிற்று. அவர் நடிப்பும் சிறந்ததே. எனினும், திரைப்படம் முன்கதைகளைக் காட்டி விரித்துரைப்பதனை வானொலியில் ஒற்றைக் குரலே சுமந்தது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, 1961 சனவரி 27 அன்று 'ட்வைலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரில் வெளிவந்த, ரிச்சர்ட் மாத்திசன் எழுதிய 'தி இன்வேடர்ஸ்'. தனித்த வீடொன்றில் வாழும் ஏழைப் பெண்ணை, விண்கலத்தில் வந்த சிற்றுருவினர் தாக்குகின்றனர். அவளுக்கு உரையாடல் இல்லை. முனகலும் அலறலுமே உண்டு. தோளின் கூனலும், கையின் தடுமாற்றமும், விழியின் மருட்சியும் பேச்சின் இடத்தை நிரப்புகின்றன. வந்தவர் புவி மாந்தரே என்பது முடிவில் வெளிப்படும்போது, நாம் அதுகாறும் அயலவள் ஒருத்தியின் அச்சத்தையே நமதாகக் கொண்டிருந்தோம் என்பதை உணர்கிறோம்.

முன்னதில் உடல் இல்லை. பின்னதில் சொல் இல்லை. இரண்டிலும் அச்சம் குறைவுபடவில்லை. மெய்ப்பாடு ஒரு புலனின் வழியாகவும் நிறைவெய்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

1964 முதல் 1972 வரை ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' தொடரில் சூனியக்காரி என்டோராவாக வந்து நகைச்சுவையிலும் அவர் பெயர் பெற்றார். பலர் நினைவில் நிற்பது அவ்வேடமே. ஆயினும் அவ்வேடம் ஒன்றைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் முழுமையாகாது. குணச்சித்திர நடிப்பைத் தலைமை நடிப்பிற்கு ஒருபடி கீழாக வைக்கும் வழக்கத்தையும் மறுபடி ஆராய்தல் வேண்டும். தலைமை நடிகர் தம் சாயலைப் பல வேடங்களிலும் காத்துக்கொள்வதுண்டு. மூர்ஹெட்டோ வேடத்திற்கேற்பத் தம்மை மறைத்துக்கொண்டார். அம்மறைவே அவர் கலையின் பெருமை என்பது எம் துணிபு.